பல்லேடியம் கிடைக்கும் நாட்டில் பீங்கான் எதற்கு?

கேள்வி: குப்பைமேட்டு வாயு, இயற்கை எரிவாயு போன்றவற்றிலிருந்து பீங்கானைக் கொண்டு ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்க முடியுமா? பல்லேடியம் தோண்டியெடுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கு அது எதற்கு?

முடியும். டர்பனில் பீங்கான் வில்லைகளைச் சுட்டுச் சோதிப்பதுதான் என் வேலை. அதனால் என் சார்பு எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரிந்துவிடும்.

ஹைட்ரஜனை மட்டும் தன்னூடே விடும் உலோகமான பல்லேடியத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கேயே சுரங்க நகரமான ரஸ்டன்பர்க்கில் தோண்டினாலும் அதை உலகச் சந்தை விலைக்குத்தான் வாங்க வேண்டும். பல்லேடியம்–வெள்ளிச் சவ்வு வழியே ஹைட்ரஜன் கடக்க, கலவைப் பக்கம் அதன் அழுத்தம் அதிகமாக இருக்க வேண்டும். மறுபக்கம் தூய ஹைட்ரஜன் வரும், ஆனால் அழுத்தம் குறைந்து வரும். திரும்ப அமுக்க ஒரு கம்ப்ரசர் தேவைப்படும்.

பீங்கானில் அந்தச் செலவு மிச்சமாகிறது. பேரியம் சிர்கோனேட் என்ற பீங்கானில் சிர்கோனியம் அணுக்கள் சிலவற்றுக்குப் பதிலாக யிட்ரியம் என்ற உலோகத்தை வைத்தால், படிகத்தில் ஆக்சிஜன் இல்லாத காலியிடங்கள் உண்டாகும். சூட்டில் நீராவி பட்டதும் அவை நிரம்பி, ஆக்சிஜன்களோடு ஒட்டியபடி புரோட்டான்கள், அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுக்கள், உள்ளே வந்துவிடும். ஓர் ஆக்சிஜனிலிருந்து அடுத்ததற்கு அவை தாவிக்கொண்டே இருக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கமாகத் தாவும். மீத்தேன், நைட்ரஜன் போன்றவற்றுக்கு அந்த வழி கிடையாது. கலவைப் பக்க மின்முனையில் ஹைட்ரஜன் புரோட்டானாகி உள்ளே நுழையும்; மறுபக்கத்து மின்முனையில் புரோட்டான்கள் எலக்ட்ரான்களோடு சேர்ந்து மறுபடி ஹைட்ரஜனாகும். இந்தக் குணத்தை 1981இல் ஸ்ட்ரான்சியம் சீரேட் என்ற இன்னொரு பீங்கானில் காட்டியவர் ஜப்பானின் இவஹாரா.

பிரிப்பது, அமுக்குவது இரண்டையும் மின்சாரமே செய்துவிடுகிறது. 600 டிகிரி செல்சியஸில் அழுத்தத்தைப் பத்து மடங்காக்க, கொள்கைப்படி 0.09 வோல்ட்கூட வேண்டாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 26,600 ஆம்பியர்-மணி செலுத்தியே ஆக வேண்டும், அதில் பேரமில்லை. ஆனால் 0.2 வோல்ட்டில் முடித்தால் இந்தப் பீங்கானுக்கு 5.3 யூனிட்தான். தண்ணீரைப் பிளந்து ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் போகும். மீத்தேனும் நீராவியும் வினைபுரியும் இடத்திலேயே ஹைட்ரஜனை இழுத்துக்கொண்டிருந்தால் வினையும் நிற்காமல் முன்னே ஓடும். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், இத்தகைய 36 பீங்கான் செல்கள் கொண்ட அடுக்கு ஒன்று அம்மோனியா, மீத்தேன், உயிரிவாயு (பயோகேஸ்) ஆகியவற்றிலிருந்து 99 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜனை மீட்டது.

இனி தொல்லைகள். சிர்கோனேட்டைக் கெட்டியாகச் சுட 1,600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பேரியம் ஆவியாகிப் போகும் என்பதால், வில்லையை அதே பொடிக்குள் புதைத்துச் சுடுகிறோம். சிர்கோனியத்துக்குப் பதில் சீரியம் என்ற உலோகத்தைச் சேர்த்தால் சுடுவது எளிது, புரோட்டானும் நன்றாக ஓடும், ஆனால் கார்பன் டை ஆக்சைடு அதை அரித்துப் பேரியம் கார்பனேட்டாக்கிவிடும். பளபளவென்றிருந்த விளிம்பு நகம் பட்டாலே உதிரும். ஆகவே சிர்கோனியம், சீரியம் இரண்டையும் கலந்து சமாளிக்கிறார்கள். இன்னொரு கவலை மின்வெட்டு. உலை திடீரென்று குளிர்ந்தால் பீங்கானும் நிக்கல் மின்முனையும் ஒரே அளவாகச் சுருங்காது. பச்சை நிறத்தில் பூசிய நிக்கல் ஆக்சைடு ஹைட்ரஜன் பட்டுச் சாம்பல் நிறமான பிறகு, வில்லையின் ஓரத்தில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்றுதான் முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். கீறல் இருந்தால் அதன் வழியே எல்லா வாயுவும் கடந்துவிடும், பிரிப்பு என்ற பேச்சே இல்லை.

டர்பனின் கிளேர் எஸ்டேட்டில் நம்மவர்கள் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிசாசர் சாலைக் குப்பைமேட்டு வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியளவு மீத்தேன், மீதியில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. கூடவே நிக்கலைக் கெடுக்கும் ஹைட்ரஜன் சல்பைடும், எரிந்தால் மணலாகப் படியும் சிலிக்கான் சேர்மங்களான சிலாக்ஸேன்களும். அதைக் கழுவித் துடைக்கும் செலவைப் பார்த்தால், இப்போதைக்கு எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுப்பதே மேல் என்பேன்.

என்னிடம் பணம் தந்து இங்கே எதில் தொடங்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் அம்மோனியா என்பேன். கரி படியாது, கார்பன் டை ஆக்சைடு அரிப்பும் கிடையாது, மிஞ்சுவது நைட்ரஜன் மட்டுமே.