மலேரி எலும்புகளுக்கு என்ன பெயர் எழுதுவது?

கேள்வி: எங்கள் கல்லூரியின் பழைய பெட்டியொன்றில் தொல்லெலும்புத் துண்டுகள் இருக்கின்றன. சீட்டில் ‘மலேரி, ஆதிலாபாத்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது. கூம்புப் பல் ஒன்று, குழி விழுந்த தகடுகள் இரண்டு, ஒரு முள்ளெலும்பு, நீள மூஞ்சியின் உடைந்த துண்டு. ‘முதலை’ என்று எழுதிக் காட்சிக்கு வைக்கலாமா?
– ஆசிரியை, குடியாத்தம்

பதில்: வேண்டாம். கோட்டை அகழி முதலைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு முதலில் முதலைதான் நினைவுக்கு வரும். ஆனால் தெலங்கானாவின் மலேரிப் பாறைப்படிவு டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 20 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. அன்றைய ஆறுகளில் முதலையின் உருவத்தோடு திரிந்தவை ஃபைட்டோசார்கள் என்னும் அழிந்துபோன ஊர்வன.

முதலில் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலூர்ப் பக்கத்துப் பாறை நைஸ், சார்னோகைட் என்னும் உருமாறிய பழம்பாறைகள்தான், அவற்றில் ஊர்வன எலும்பு கிடைக்காது. சீட்டு தொலைந்தால் துண்டுகளின் காலத்தைச் சொல்ல வேறு சான்று இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண் கொடுங்கள். எல்லாம் ஒரே விலங்கினுடையவை என்று எண்ணாதீர்கள். மென்தூரிகையால் மட்டும் துடையுங்கள், அமிலம் வேண்டாம். உடைந்ததை ஒட்ட அசிட்டோனில் கரைத்த பேரலாய்டு பி-72 என்னும் பிசின் போதும். பிறகு அசிட்டோன் தொட்டே பிரித்துவிடலாம். நொடியில் ஒட்டும் பசையை அவ்வளவு எளிதில் பிரிக்க முடியாது.

அதிகம் ஏமாற்றுபவை தகடுகள்தாம். அதே படிவில் மெட்டோபோசார் என்ற பெரிய நீர்நில வாழ்வியும் கிடைக்கிறது. நடுவில் தேன்கூடு போன்ற குழிகள், விளிம்பை நோக்கி நீளும் பள்ளங்கள் என்றிருந்தால் அதன் மண்டையோட்டுத் துண்டாகவோ தோள்பட்டைத் துண்டாகவோ இருக்கலாம். மேற்புறம் முகடு எழும்பியிருந்தால் ஃபைட்டோசாரின் முதுகுத் தகடா என்று பாருங்கள். முள்ளெலும்பு தட்டையான வட்டுப் போலிருந்தால் மெட்டோபோசார். நீண்டு, இரு முனையும் லேசாகக் குழிந்து, இடை ஒடுங்கியிருந்தால் ஃபைட்டோசார் பக்கம் சாயலாம். முன்முகம் குழிந்து பின்முகம் உருண்டிருந்தால் அது இன்றைய முதலைகளின் அமைப்பு, சீட்டையே சந்தேகியுங்கள்.

பல்லை நம்ப வேண்டாம். ஃபைட்டோசாரின் மூஞ்சி நுனியில் கூம்புப் பல்லும், பின்னால் பக்கவாட்டில் தட்டையான ரம்ப விளிம்புப் பல்லும் இருக்கும். தனிப்பல்லை வைத்துப் பேரினம் சொல்ல முடியாது.

மூஞ்சித் துண்டுதான் உங்கள் பொக்கிஷம். முதலைக்கு நாசி நுனியில் இருக்கும்; ஃபைட்டோசாருக்கு வெகு பின்னால், கண்ணை நோக்கி இருக்கும். நாசிப்பகுதி இல்லாத வெறும் நுனித்துண்டு பேரினத்தைக் காட்டாது. இதில் பெரியவர்களே இடறியிருக்கிறார்கள். 1885இல் தொல்லுயிரியலாளர் லைடெக்கர் பாராசூக்கஸ் ஹிஸ்லோபி என்று ஒரு ஃபைட்டோசார் இனமாகப் பெயரிட்ட எலும்புகளில் மூளைப்பெட்டித் துண்டு ரின்கோசார் என்னும் வேறு ஊர்வனவினுடையது. மிஞ்சிய மூஞ்சித் துண்டும் இனத்தைப் பிரித்துக்காட்டப் போதவில்லை. கடைசியில் 2003இல், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலுள்ள எலும்புக்கூடே அந்தப் பெயருக்குரிய புதிய மூலமாதிரியானது, அதாவது அந்தப் பெயர் எதைக் குறிக்கும் என்பதற்கான அடிப்படை மாதிரியானது.

ஆகவே மூஞ்சித் துண்டுக்கு, நுனியில் நாசித்துளை இல்லை என்று உறுதியானால், ‘ஃபைட்டோசோரியா இன்டெட்.’ என்று எழுதுங்கள். குழு தெரியும், இனம் தெரியாது என்று பொருள். பல்லுக்கு ‘ஊர்வன, வகை உறுதியில்லை’ போதும். நாசியும், கண்ணுக்கு முன்னுள்ள துளையும் சேர்ந்த துண்டு கிடைத்து, நாசி அத்துளைக்கு முன்னால் இருந்தால் மட்டும் பாராசூக்கஸைப் பற்றிப் பேசலாம். அப்போது அளவுகோல் வைத்து ஆறு பக்கமும் படமெடுத்து, கொல்கத்தாவிலுள்ள அந்த எலும்புக்கூட்டோடு ஒப்பிடும்படி அந்த நிறுவனத்தைக் கேளுங்கள்.