பேரப்பிள்ளைகளும் தாமரைக் கோபுரமும்

கேள்வி: போன மாதம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புத் தாமரைக் கோபுரத்தில் ஏறினோம். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம், படமும் அனுப்பியிருக்கிறேன். ஆனால் உங்கள் பத்திரிகையைத் திறந்தால் கோபுரம் வீண், மத்தள விமான நிலையம் வீண், அது வீண், இது வீண். எந்த அரசு வந்தாலும் குறை சொல்வதுதான் பத்திரிகைக்காரர்களின் வேலையா? நாலு நல்ல காரியத்தையும் எழுதினால் என்ன குறைந்துவிடும்?
– முப்பது வருட வாசகர், வெள்ளவத்தை

பதில்: படம் கிடைத்தது ஐயா. சின்னவர் கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டு நிற்கிற நிற்பைப் பார்த்து அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தோம். கோபுரத்தில் ஏறினவர்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் கிடையாது. நானும் ஏறினேன், காற்று நன்றாகத்தான் இருந்தது.

சண்டை வேறு இடத்தில். சுமார் 350 மீற்றர் உயரம், 10 கோடி டொலருக்கு மேல் செலவு, அதில் பெரும்பகுதி சீனாவின் எக்ஸிம் வங்கியிடம் வாங்கிய கடன். 2019 செப்டெம்பரில் ஒருதரம் நாடா வெட்டினார்கள், ஆனால் சனம் டிக்கெட் எடுத்து உள்ளே போனது 2022 செப்டெம்பரில். அந்த 2022 ஐ மறந்துவிட்டீர்களா? வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று ஏப்ரல் 12 ஆம் திகதி நாடே கையை விரித்த வருடம். அதற்கு முந்தின மாதம் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள், வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை, கடதாசி இறக்க டொலர் இல்லை. ஐலண்ட், திவயின பத்திரிகைகள் இரண்டும் சனிக்கிழமைப் பதிப்பை அச்சடிக்காமல் விட்டதும் அந்த மாதம்தான். நாங்களும் பக்கத்தைக் குறைத்தோம், நீங்களே போன் பண்ணிக் குறைப்பட்டீர்கள்.

இந்தக் காசை இதில் போட்டால் எது நின்றுபோகும் என்று கட்டத் தொடங்கினபோதே கேட்டிருக்க வேண்டும். யார் கேட்டோம்? எங்கள் பத்திரிகையும் கேட்கவில்லை. அட்டையில் கோபுரத்தின் படத்தைப் போட்டு, தெற்காசியாவின் உயரமான கோபுரம் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? ஒரு அமைச்சின் ஊடகச் சந்திப்பைச் சொல்கிறேன், எந்த அமைச்சு என்பது வேண்டாம், எல்லாம் ஒரே அச்சுத்தான். வாசலில் பளபளப்பான பைல் ஒன்று தருவார்கள். உள்ளே கம்பியூட்டரில் வரைந்த படம், வெயிலே அடிக்காத ஒரு கொழும்பு, குப்பையே இல்லாத நடைபாதை, அதில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் நடந்து போகிறார்கள். அறிக்கை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கைக்கு வரும், தமிழ் மட்டும் “நாளைக்கு அனுப்புவோம்”. அது வந்து சேர மூன்று நாள், வந்த பிறகு வரிக்கு வரி பிழை. அதற்குள் எங்கள் உதவி ஆசிரியர் இரவிரவாக ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து முடித்திருப்பார், அதாவது அமைச்சு எழுதினதே எங்கள் செய்தியாகியிருக்கும். அன்றைக்கு எங்கள் நிருபர் ஒருவர், சின்னப் பொடியன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட இல்லை, எழும்பிக் “கடனுக்கு வட்டி எவ்வளவு?” என்று கேட்டான். அதிகாரி சிரித்த முகத்தோடு “தம்பி, சாப்பிட ரோல்ஸ் எடுத்தீர்களா?” என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதைத்தான் இன்றுவரை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பத்திரிகைகள் ஏன் கேட்கவில்லை என்பதற்கு இன்னொன்று. அந்தக் கோபுரம் நிற்கிற தெரு டி. ஆர். விஜேவர்தன மாவத்தை, லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை உருவாக்கியவரின் பெயர். லேக் ஹவுஸும் அதே தெருவில்தான் இருக்கிறது, 1973 இல் அதை அரசு எடுத்துக்கொண்டது. மேலேயிருந்து பார்த்தபோது தெரிந்திருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள்.

அங்கிருந்து பார்வையைக் கொலன்னாவைப் பக்கம் திருப்பினால் மீதொட்டமுல்லக் குப்பை மேடு. 2009 இல் உயர் நீதிமன்றம் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் புளூமெண்டால் குப்பை மேட்டை நிறுத்தச் சொன்ன பிறகு கொழும்பின் குப்பை அங்கே போனது. கொட்டாஞ்சேனைக்காரர்கள் மூக்கைப் பொத்தினது போதும் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம், அது இன்னொருவர் வீட்டு வாசலுக்குத்தான் போகிறது என்று யோசிக்கவில்லை. அதே வருடங்களில்தான் நகரத்தை அழகாக்குகிறோம் என்று மதில்களை உடைத்து, நடைபாதைக்குக் கல் பதித்து, 2013 பொதுநலவாய மாநாட்டுக்கு வீதியெல்லாம் மினுக்கினார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையே அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ், கேள்வி கேட்க யாருக்குத் தைரியம்? மீதொட்டமுல்லச் சனம் வருடக்கணக்காக றோட்டில் இறங்கிக் கத்தியது. பத்திரிகைகளில் உள்பக்கத்தில் ஒரு பத்தி வரும், சில நாள் அதுவும் வராது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று மேடு சரிந்தது. 32 பேர் போனார்கள். அடுத்த நாள் எல்லாருக்கும் அது முதல் பக்கம்.

மத்தளவைக் கேட்டீர்கள். வருடத்துக்குப் பத்து லட்சம் பயணிகள் வருவார்கள் என்று 2013 இல் திறந்த விமான நிலையம், பிறகு அங்கே நெல் மூட்டை அடுக்கினார்கள். சரி, நெல்லுக்காவது உதவியது என்று பார்த்தால், 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்து நெல்லையும் முடித்தார்கள். பிறகு அரிசியை இறக்கினோம், அதுவும் டொலர் கொடுத்து.

காசு இல்லை என்பதும் பாதிதான் உண்மை. 2023 பெப்ரவரி 4, காலி முகத்திடலில் 75 ஆவது சுதந்திர தினத்துக்கு 20 கோடி ரூபா இருந்தது. மார்ச் 9 ஆம் திகதி நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரியில் இல்லை. அதைத் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றமே சொன்னது, தேர்தல் நடந்ததோ 2025 மே மாதம். உங்கள் தெருக் கானை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நீங்கள் எங்களுக்குக் கடிதம் எழுதினீர்களே, அது மாநகர சபைக்கு உறுப்பினர்களே இல்லாத அந்தக் காலத்தில்தான்.

நல்லதை எழுதச் சொல்கிறீர்கள், எழுதுகிறேன். 2016 இல் இந்தியா கொடுத்த 76 இலட்சம் டொலர் நன்கொடையில் 88 அம்புலன்ஸ்களோடு ஒரு சேவை தொடங்கியது, 1990 சுவசெரிய. 1990 என்பது வருடம் அல்ல, போன் இலக்கம்; அடித்தால் வாசலுக்கு வரும், ஒரு சதம் கேட்காது. முதலில் மேல், தென் மாகாணங்களில் மட்டும் ஓடியது, இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. கோபுரத்துக்குப் போட்ட காசில் பத்தில் ஒரு பங்குகூட அதைத் தொடங்கத் தேவைப்படவில்லை. எங்கள் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன், அதற்கு நாங்கள் கொடுத்தது எட்டு வரி, அதுவும் சோதிடப் பக்கத்துக்குக் கீழே. நல்ல காரியத்தை எழுதவில்லை என்று எங்களைத் திட்டுவதென்றால் இதற்குத் திட்டுங்கள், வாயைத் திறக்க மாட்டேன்.

உங்கள் படத்தை அடுத்த இதழ் வாசகர் பக்கத்தில் போடுகிறோம். சின்னவர் பெயரும் வயதும் எழுதி அனுப்புங்கள். படத்துக்குக் கீழே கோபுரத்தின் உயரத்தோடு அதன் கடன் தொகையும் வரும், கோபிக்கக் கூடாது.