கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளை வகுப்பு ஏற்றுக்கொள்ள பள்ளி என்ன செய்யலாம்?

"எல்லோரோடும் கலந்து பழகு" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வதை முதலில் நிறுத்துங்கள், மாற வேண்டியது வகுப்பு நடக்கும் விதம். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்து சண்டை மூண்டபோது, உளவியலாளர் எலியட் அரோன்சன் செய்தது இது: ஐந்தாறு பேர் குழு, பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று, மற்றவர் துண்டை அவர் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும், அப்புறம் தேர்வு தனித்தனியாக. திக்கித் திணறுகிறவனைக் கேலி செய்தால் நஷ்டம் தனக்குத்தான் என்று புரிந்ததும், கேலி செய்தவர்களே பொறுமையாகக் கேட்டு விஷயத்தை வாங்கப் பழகினார்கள். வெவ்வேறு குழுக்களில் அதே துண்டு கிடைத்தவர்கள் முன்கூட்டியே கூடி ஒத்திகை பார்ப்பதும் உண்டு, கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய தைரியம். ஆனால் குழுவை ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். "நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்" என்றால் யாரும் கூப்பிடாமல் நிற்பது எப்போதும் அதே பிள்ளைதான்.