ஸ்டால் போட்டும் ஆர்டர் வரலையே!

கேள்வி: அண்ணா, பொள்ளாச்சி பக்கம் ரெண்டு பசங்கள வச்சு சின்னதா தொழில் பண்றேன். அபார்ட்மெண்ட்டுக்கு புறா வலை கட்டுறோம், தோட்டத்துக்கு காட்டுப்பன்னி வராம சோலார் வேலி போடுறோம். போன வருஷம் ஒரு கண்காட்சில ஸ்டால் எடுத்து கட்டு கட்டா நோட்டீஸ் குடுத்தேன், ஒரே ஒரு ஆர்டர்தான். இந்த தடவ கோவை கொடிசியா அக்ரி இன்டெக்ஸ்ல போடலாம்னு இருக்கேன், கூட்டம் சேர நல்லபாம்பு ஒன்ன கூண்டுல வைக்கலாம்ங்கிறான் ஃப்ரெண்டு. வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. வனத்துறை அனுமதி இல்லாம பாம்ப புடிச்சு வச்சா 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல கேஸ் ஆகிடும், அதுவும் இல்லாம பாம்பு பாக்க வர்ற கூட்டம் வேலி போட வர்ற கூட்டம் இல்ல.

அக்ரி இன்டெக்ஸ் விவசாயிங்க வர்ற இடம், அங்க புறா வலைய கொண்டு போகாதீங்க, அத வீடு மனை கண்காட்சிக்கு வச்சுக்கலாம். வேலி மட்டும் போதும். நாலு கம்பிய நட்டு எனர்ஜைசரும் (கம்பிக்கு ஷாக் அனுப்புற பெட்டி) பேட்டரியும் மாட்டி நிஜமாவே ஓடவிடுங்க, யாரும் கைய வச்சிடாம முன்னாடி ஒரு தடுப்பு போட்டு, டெஸ்டர வச்சு எத்தன வோல்ட்டு வருதுன்னு காட்டுங்க. விட்டு விட்டுத்தான் ஷாக் அடிக்கும், பன்னி மிரண்டு ஓடும், சாகாதுன்னு நிதானமா சொல்லுங்க. ஏன்னா லைன்ல இருந்து நேரா கரண்ட் எடுத்து கம்பில விடுற ஆளுங்க இன்னும் இருக்காங்க, 2023 மார்ச்ல தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் அப்படி ஒரு வேலில மூணு யானை செத்துச்சு, தாயில்லாம ரெண்டு குட்டிங்க நின்னத நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல. அதே வருஷம் மின்வேலிக்குன்னே தமிழ்நாட்டுல தனி விதி வந்துச்சு. காட்ட ஒட்டின தோட்டம்னா வனத்துறைல பதிவு பண்ணணும், அந்த பேப்பர் வேலைய நாங்களே கூட இருந்து முடிச்சு தர்றோம்னு போர்டுல பெருசா எழுதுங்க, வர்றவங்களுக்கு பெரிய தலவலியே அதுதான்.

அப்புறம் நீங்க கோட்ட விட்ட இடம் நோட்டீஸ்னுதான் எனக்கு தோணுது. நோட்டீஸ் குடுக்கறதுக்கு பதிலா ஒரு நோட்டு வைங்க. பேரு, நம்பரு, ஊரு, எத்தன ஏக்கர், என்ன பயிரு, எப்ப விதைக்கிறீங்க, இவ்வளவும் கேட்டு எழுதிக்கணும். கண்காட்சி ஜூலைல நடக்கும், அப்ப நம்மூர்ல மானாவாரி மக்காச்சோளம் பாதி பேரு விதைச்சிருக்கவே மாட்டாங்க, பன்னி தொல்லை கதிர்ல பால் புடிக்கறப்பதான் ஜாஸ்தி, அப்படின்னா ஸ்டால்ல நிக்கறப்ப அவருக்கு அவசரமே இல்லீங்களே, எப்படி அட்வான்ஸ் குடுப்பாரு? வெதச்ச தேதில இருந்து ஒரு மாசம் கழிச்சு நீங்களே கூப்பிடுங்க, "அண்ணா, சோளம் எப்படி இருக்கு, ஒரு நட வந்து தோட்டத்த பாத்துட்டு போகட்டுமா"ன்னு. பாத்து அளவெடுக்க காசு வேண்டாம்னு சொல்லிடுங்க.

ஸ்டால் வாடகை கட்டுப்படி ஆகலன்னா சொட்டுநீர் இல்ல விதை கடைக்காரங்க யாரையாவது புடிச்சு பாதி இடம் கேட்டு பாருங்க, ரெண்டு பேருக்கும் வர்ற ஆளு ஒண்ணுதான்.