மேடையில் ஒரு கெட்டில்

வணக்கம் ஐயா,

செந்தூலில் எங்கள் குடியிருப்பாளர் சங்கம் கோவில் மண்டபத்தில் பருவநிலை மாற்றம், சோலார் பற்றி ஒரு கூட்டம் நடத்தியது. பேச வந்தவர் விஷயம் தெரிந்தவர்தான். மொத்தம் 62 ஸ்லைடு. இருபதாவது வருவதற்குள் பாதி நாற்காலி காலி. கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர், "ஒரு டிகிரிதானே கூடியிருக்கு, அதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றார். மண்டபமே சிரித்தது. இன்னொருவர், "தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணி ஏறினதுக்கு வாய்க்கால்தான் காரணம், இவங்க ஏன் வானத்தைக் காட்டுறாங்க?" என்றார். அடுக்குமாடியில் இருக்கும் ஓர் அக்கா, "எங்களுக்கு சோலார் போட்டா பில் எவ்வளவு குறையும்?" என்று கேட்டார், பதில் வரவில்லை. 'பசுமை இல்ல வாயு', 'கரிம நடுநிலை' எல்லாம் யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டு மாதத்தில் மறுபடி நடத்தப்போகிறோம். 45 நிமிடம்தான் கிடைக்கும். எங்கிருந்து தொடங்குவது? எங்கள் துண்டறிக்கையையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், கோலாலம்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

துண்டறிக்கையைப் பார்த்தேன். மேலே 'பூமியைக் காப்போம்'. கீழே ஓசோன் ஓட்டை, பிளாஸ்டிக் பை, பனிக்கரடி, சோலார் தகடு, நான்கும் ஒரே பெட்டிக்குள். கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது. இதைப் படிக்கிறவர் ஓசோனில் விழுந்த ஓட்டை வழியாக வெயில் இறங்கி ஊர் சூடாகிறது என்றுதான் புரிந்துகொள்வார். ஓசோன் வேறு கதை. குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் இருந்த சில ரசாயனங்களால் வந்த பாதிப்பு அது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை போட்டு அவற்றைப் படிப்படியாக நிறுத்தினார்கள், படலம் மெல்லத் தேறிவருகிறது. பிளாஸ்டிக் பை குப்பைப் பிரச்சினை, அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். பனிக்கரடியையும் இறக்கிவிடுங்கள். செந்தூலில் அதற்கு உறவினர் யாரும் இல்லை.

சொற்களுக்கு வருவோம். ஒரே பேச்சில் 'பசுமை எரிசக்தி' நல்லது, 'பசுமை இல்ல வாயு' கெட்டது என்றால் கேட்பவர் என்ன செய்வார்? தமிழில் பசுமை என்ற சொல்லுக்குக் கெட்ட பொருளே கிடையாது. 'வெப்பம் பிடிக்கும் வாயு' என்று சொல்லுங்கள், நீளமானாலும் விளங்கும். கார்பன் டையாக்சைடுக்கு நம் ஊரில் மூன்று பெயர் புழங்குகிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரிவளி, தாத்தா பாட்டிக்குக் கரியமிலவாயு, மற்றவர்களுக்கு ஆங்கிலப் பெயர். தொடக்கத்தில் மூன்றையும் ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு கரிவளியோடு நில்லுங்கள். நடுவில் மாற்றினால் மூன்று வேறு வாயு என்று நினைப்பார்கள். 'காலநிலை' என்பதைவிட 'பருவநிலை' நல்லது. இங்கே "இன்னிக்குக் காலநிலை சரியில்ல" என்றால் மழை வரும் என்று பொருள். கரிம நடுநிலைக்கு 'விடுவதும் உறிஞ்சுவதும் சரிக்குச் சரி' என்றால் போதும். மலேசியா 2050-க்குச் சொல்லியிருக்கும் இலக்கு அதுதான்.

வாயு எப்படிச் சூடாக்குகிறது என்பதற்குக் கம்பளி உவமை போதும். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. காற்றில் கரிவளி பத்தாயிரத்தில் நாலு பங்குதான், அவ்வளவுக்கா இந்தப் பாடு என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. உலர்ந்த காற்றில் 99 விழுக்காடு நைட்ரஜனும் உயிர்வளியும். அவை பூமி வெளிவிடும் வெப்பத்தைத் தடுப்பதே இல்லை. தடுக்கிற வேலை அந்தச் சொற்பப் பங்கினுடையது. அந்தப் பங்கு, தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 ஆக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

பெரியவர் கேட்ட 'ஒரு டிகிரி'யைச் சிரிப்பில் விட்டுவிடக் கூடாது. 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020 பத்தாண்டில் உலகம் 1.1 டிகிரி சூடேறியிருந்தது. இது கடலையும் சேர்த்த சராசரி. நிலத்தை மட்டும் எடுத்தால் 1.6-ஐ ஒட்டி வரும். காய்ச்சல் உவமை வேண்டாம், எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. மழையைச் சொல்லுங்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏந்தக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். கொட்டும்போது அதுவும் சேர்ந்து கொட்டும். பிற்பகல் மூன்று மணி மழையில் மாட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாய்க்கால்காரர் சொன்னதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஸ்ரீ மூடா கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கும் தாழ்ந்த நிலம். 2021 டிசம்பரில் தண்ணீர் நாள்கணக்கில் வீட்டுக்குள் நின்றதற்கு நிலமட்டம், வடிகால், ஆறு எல்லாம் காரணம். "வானம் கொட்டும் அளவைக் கூட்டுவது பருவநிலை. கொட்டியது எங்கே போய் நிற்கும் என்பதை முடிவுசெய்வது வாய்க்கால். பழைய மழைக்கு வெட்டிய வாய்க்கால் புதிய மழைக்குப் பத்தாது." இப்படிச் சொன்னால் அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். வெள்ளம் முழுவதையும் பருவநிலை தலையில் கட்டினால் மண்டபம் நம்பாது, நம்பவும் கூடாது. கோலாலம்பூர்ப் புழுக்கத்துக்கும் இதே நேர்மை வேண்டும். அதில் ஒரு பங்கு சிமெண்டும் தாரும் செய்த வேலை.

இனி பில். என் கணிப்பில் கூட்டத்தின் பாதி நேரம் இதற்குத்தான். தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை முதல் வீட்டுக் கட்டணம் மூன்று துண்டு: எரிசக்திக்கு 27.03 சென் (நூறு சென் ஒரு வெள்ளி, அதாவது ரிங்கிட்), கொள்திறனுக்கு, அதாவது ஆலைகளைத் தயாராக வைத்திருக்க, 4.55, மின்கம்பி வலையமைப்புக்கு 12.85. கூட்டினால் யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் மணிக்கு) 44.43 சென். இதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை கழியும். மாதம் 200 யூனிட்டுக்குள் என்றால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு ஏற ஏறக் கழிவு தேய்ந்து, 1,000 யூனிட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. 600-ஐத் தாண்டினால் சில்லறைக் கட்டணம் 10 வெள்ளியும் சேரும். எரிபொருள் விலை ஏறி இறங்குவதற்கான சரிக்கட்டலும் வரியும் தனி.

வெள்ளைப் பலகையில் இரண்டு வீட்டைப் போடுங்கள். 200 யூனிட் வீடு: 88.86 வெள்ளியில் 50 கழிந்து 38.86. 800 யூனிட் வீடு: 355.44, அதில் கழிவு யூனிட்டுக்கு 4 சென் வீதம் 32 வெள்ளி, சில்லறை 10 சேர்த்து 333.44. நாலு மடங்கு கரண்டு, எட்டரை மடங்கு பில். இரண்டு வீடும் 100 யூனிட் குறைத்தால்? முதல் வீட்டுக்கு மிச்சம் 19.43 வெள்ளி. இரண்டாவது வீட்டில் கழிவு 5.5 சென்னாக உயர்வதால் 51 வெள்ளி கிட்டத்தட்ட மிச்சம். ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு வேறு பேச்சு தேவை என்பது இதிலிருந்தே தெரியும். 'அனைவரும் சோலார் பொருத்துவோம்' என்று 39 வெள்ளி பில் கட்டுகிறவரிடம் சொல்வது, என்னைக் கேட்டால், அவமரியாதை. ஒரு சிறிய அமைப்பு பத்தாயிரம் வெள்ளியில் முடிகிறது என்று தாராளமாக வைத்து, பில் முழுதும் மறைந்தே போகிறது என்றும் வைத்தால்கூட, போட்ட காசு திரும்ப 21 வருஷம். "உங்களுக்கு இது கட்டாது" என்று மேடையிலேயே சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் சொல்கிற மற்றதைக் கேட்பார்கள்.

யூனிட் என்றால் என்னவென்று காட்ட ஒரு கெட்டில் போதும். ஹார்ட்வேர் கடையிலோ இணையத்திலோ மூன்று முனை பிளக்கில் செருகும் சிறிய வாட் மீட்டர் கிடைக்கும். சுவரில் மீட்டர், மீட்டரில் கெட்டில். 1.7 லிட்டர் நிரப்பி, 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் ஐந்து நிமிடத்துக்குள் கொதிக்கும், மீட்டர் 0.16 யூனிட் காட்டும். அடுத்து மேசை மின்விசிறி, 60 வாட் என்று வையுங்கள். அந்தக் கெட்டில் தின்ற கரண்டில் இது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். படுக்கையறை ஏர்கோன் சராசரி 700 வாட் இழுத்து எட்டு மணி நேரம் ஓடினால் 5.6 யூனிட், அதாவது 35 கெட்டில். இனி 'கிலோவாட் மணி' என்ற சொல்லே வேண்டாம், கெட்டிலில் எண்ணுங்கள். பேச்சாளர்கள் கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்புவது வழக்கம். முன்னது குழாயில் வரும் வேகம், பின்னது வாளியில் சேர்ந்த தண்ணீர்.

இதில் கெட்டுப்போகிற இடங்கள்: மீட்டர் திரை விரல் அகலம்தான், பின்வரிசைக்குத் தெரியாது. கைப்பேசிக் கேமராவைத் திரைக்கு மேல் பிடித்துப் புரொஜெக்டரில் காட்டுங்கள். கெட்டிலையும் ஒலிபெருக்கியையும் ஒரே நீட்டிப்பு வயரில் போடாதீர்கள். பழைய மண்டபம் என்றால் முந்தின நாளே கெட்டிலை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள், டிரிப் ஆனால் அன்றைக்கு ஆகட்டும்.

கெட்டிலுக்குப் பக்கத்தில் அரைக் கிலோ கரியை ஒரு பையில் வையுங்கள், சாத்தே சுடும் கரி போதும். நிலக்கரி ஆலையில் ஒரு யூனிட் எடுக்க எரிவது ஏறத்தாழ அவ்வளவு. காப்பார் நிலக்கரி மின் ஆலையைக் கிள்ளான்காரர்கள் பார்த்திருப்பார்கள். எரிவாயு, நீர், சோலார் எல்லாம் கலந்த தீபகற்பச் சராசரியில் யூனிட்டுக்கு முக்கால் கிலோ கரிவளி. அரைக் கிலோ கரி எப்படி அதைவிட அதிக எடையுள்ள வாயு ஆகும் என்று ஒரு பள்ளிப் பிள்ளை கேட்கும். எரியும்போது காற்றிலிருந்து உயிர்வளி சேர்கிறது. 12 கிலோ கரியம் (கார்பன்) எரிந்தால் 44 கிலோ கரிவளி.

'சீனாவும் அமெரிக்காவும் விடுவதை விட்டுவிட்டு நாங்க என்ன?' என்றும் வரும். ஆள் கணக்கில் பார்த்தால் மலேசியர் உலகச் சராசரிக்கு மேலேதான் இருக்கிறோம். ஆனால் உங்கள் ஏர்கோனை அணைத்தால் உலகம் குளிர்ந்துவிடும் என்று சொல்லாதீர்கள். பில் குறையும். ஆலையில் எது எரிவது என்பதை அரசும் தெனாகா மின் நிறுவனமும் தீர்மானிக்கின்றன.

சோலார் போடக்கூடிய, சொந்தக் கூரையுள்ள தரை வீட்டுக்காரர்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இங்கே ஒரு கிலோவாட் தகடு மாதம் சுமார் 100 யூனிட் தரும், ஐந்து சதுர மீட்டர் கூரை கேட்கும். சூடான நாடு என்பதால் அதிகம் விளையும் என்பது தப்பு. வேண்டியது வெளிச்சம். தகடு 60 டிகிரிக்குப் போனால் பத்து விழுக்காட்டுக்கு மேல் விளைச்சல் போய்விடும். கரண்டு தடைப்பட்டால் சோலாரும் நின்றுவிடும் என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். கம்பியில் வேலை செய்கிறவரைக் காப்பதற்காக, தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வர்ட்டர் தானே அணைந்துகொள்கிறது. அப்போதும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு, வெளிக்கம்பியிலிருந்து வீட்டைப் பிரிக்கும் மாற்று இணைப்பும் வேண்டும், விலை ஏறும். கூரை ஓடுகளைப் பிரித்துக் கொக்கி மாட்டுகிற இடத்தில் ஒழுகுவதும், தகட்டின் அடியில் புறா கூடு கட்டுவதும்தான் வழக்கமான புகார். இரண்டுக்கும் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். நிறுவனம் செடா (நிலையான எரிசக்தி மேம்பாட்டு ஆணையம்) பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிச்சமாகும் சோலார் கரண்டை பில்லில் கழித்துத் தந்த நெம் திட்டம் 2025 நடுவில் முடிந்துவிட்டது, அடுத்து வந்தது சோலார் அத்தாப். பெயரைக் கேட்டதும் தோட்டத்து அத்தாப்பு ஓலைக் கூரை ஞாபகம் வந்து சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மிச்சக் கரண்டின் கணக்கு அதில் வேறு. ஆகையால் பழைய துண்டறிக்கைகளைக் குப்பையில் போடுங்கள்.

அடுக்குமாடி அக்காவுக்கான பதில்: கூரை அவருடையது அல்ல, கட்டடத்துக்குப் பொது. நிர்வாகக் குழு முடிவெடுத்தால் லிப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்குக்குச் சோலார் ஓடும். குறைவது பராமரிப்புச் செலவு, அவர் வீட்டு பில் அல்ல. வீட்டுக்குள் அவர் செய்யக்கூடியது குளிர்பதனப் பெட்டிக் கதவு ரப்பரைச் சோதிப்பது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்க வேண்டும், எளிதாக வந்தால் ரப்பர் போச்சு. ஒரு வெள்ளி நோட்டை வைக்க வேண்டாம், அது பிளாஸ்டிக், எந்த ரப்பரிலும் வழுக்கும். ஏர்கோன் இருந்தால் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, 25-இல் வைத்து, கூடவே மின்விசிறியையும் ஓட விட்டு, விடியற்காலை ஐந்துக்கு டைமர் வைக்கலாம்.

கேள்விகளை மைக்கில் மட்டும் கேட்காதீர்கள். வாசலிலேயே துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்துவிட்டால் பெண்களின் கேள்வியும் வரும். எல்லாரையும் போன மாத பில்லோடு வரச் சொல்லி அழைப்பிலேயே போடுங்கள், தாள் பில் இல்லாதவர்கள் கைப்பேசியில் காட்டட்டும். ஸ்லைடு ஆறு போதும். கெட்டிலில் கொதித்த தண்ணீரை வீணாக்காமல் முன்வரிசைக்குத் தேநீர் போட்டுவிடுங்கள்.