வாரம் பதினான்கு மின்னஞ்சல்: எதற்குப் போவது, எதை விடுவது?

கேள்வி: ஆகஸ்டில் அமெரிக்கா வந்து முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசா. மூன்று பாடங்கள், மொத்தம் ஒன்பது கிரெடிட். நூலகத்தில் பகுதிநேர வேலையும் இருக்கிறது. சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்தும் மற்றத் துறைகளிலிருந்தும் போன வாரம் மட்டும் பதினான்கு மின்னஞ்சல்கள்: சிபிடி விளக்கக் கூட்டம், வேலைவாய்ப்புக் கண்காட்சி, வெளிநாட்டு மாணவர்களுக்கான காபி சந்திப்பு, எழுத்து மையம், மனநல ஆலோசனை, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் போனால் எப்போது படிப்பது? என் அறைத் தோழர்கள், "ஒன்றுக்கும் போகாதே, தேவையானதை நாங்கள் சொல்கிறோம்" என்கிறார்கள். எதற்குத்தான் கட்டாயம் போக வேண்டும்? காபி சந்திப்புக்குப் போனால் முன்பின் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது? (பின்குறிப்பு: ஒரு பாடம் ரொம்பக் கடினம். வரும் வெள்ளிக்குள் விட்டுவிடலாம் என்று பேராசிரியரே சொல்லிவிட்டார். எனவே அந்தக் கவலை இல்லை.)

பதில்: கவலை இல்லை என்று நீங்கள் எழுதிய அந்தப் பின்குறிப்புதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. முதலில் அதை முடித்துவிட்டு மின்னஞ்சல்களுக்கு வருகிறேன்.

எஃப்-1 மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் முழுநேரப் படிப்பில் இருந்தாக வேண்டும். இளங்கலை மாணவருக்கு அது 12 கிரெடிட். முதுகலைக்கு எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகமே வகுத்துக்கொள்கிறது. பல இடங்களில் 9. உங்களுடையதும் அப்படியானால், ஒரு பாடத்தை விட்டதும் 6க்கு இறங்கிவிடுவீர்கள். பாடத்தை நீக்கும் பொத்தானுக்கு உங்கள் விசாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அழுத்தினால் நீக்கிவிடும். பேராசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மதிப்பெண்ணை நினைத்து நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். இந்த விஷயத்தில் அதிகாரம் உள்ளவர் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் டிஎஸ்ஓ என்ற பொறுப்பு அதிகாரி மட்டும்தான். உங்கள் மாணவர் தகுதிச் சான்றான ஐ-20 படிவத்தில் கையெழுத்திட்டிருப்பவரும், செவிஸ் என்ற அரசுத் தரவுத்தளத்தில் உங்கள் பதிவைத் திருத்தக்கூடியவரும் அவர்தான். அவருடைய முன் அனுமதி இல்லாமல் முழுநேரத்துக்குக் கீழே இறங்குவது விசா விதிமீறல்.

பயப்பட வேண்டாம், வழி இருக்கிறது. படிப்பின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் படிப்பதில் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாமை, தகுதிக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்ந்துவிட்டது போன்ற காரணங்களுக்காகப் பாடச் சுமையைக் குறைக்க டிஎஸ்ஓ அனுமதிக்கலாம். ஒரு பட்டப் படிப்பில் ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை. அதன் பிறகும் குறைந்தது பாதிச் சுமையாவது இருக்க வேண்டும். உங்கள் நிலைமை இதற்குள் அடங்கக்கூடும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் அனுமதி, பிறகு பொத்தான்.

சர்வதேச மாணவர் அலுவலகம் ஒன்றில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு மாணவி வெள்ளிக்கிழமை மாலை பாடத்தை நீக்கிவிட்டுத் திங்கள் காலை அனுமதி கேட்டு வந்தார். இடையில் இரண்டே நாள். மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். கடைசியில், பருவத்தின் பிற்பாதியில் தொடங்கும் குறும்பாடம் ஒன்றைத் தேடிப்பிடித்து, அவரை அதில் சேர்த்துக் கணக்கை நேராக்கினோம். அந்த ஒரு வாரத்தில் அவர் முகம் இருந்த இருப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே இதைப் படித்து முடித்த கையோடு டிஎஸ்ஓவுக்கு எழுதுங்கள்: பாடத்தின் பெயர், விடுவதற்கான கடைசித் தேதி, கடினமாக இருப்பதன் காரணம். மூன்று வரி போதும். தலைப்பிலேயே கடைசித் தேதியைப் போட்டுவிடுங்கள்.

இனி மின்னஞ்சல்கள். அனுப்புநர் யார் என்று முதலில் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். சர்வதேச மாணவர் அலுவலகம் அனுப்பியதைத் திறக்காமல் விடாதீர்கள். மற்றவற்றைத் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யலாம். சர்வதேச அலுவலகத்திலிருந்து வருவதிலும் பெரும்பகுதி விருந்து, ஊர்சுற்றல் அழைப்புகள்தான். ஆனால் "உங்கள் வருகைப் பதிவு முடியவில்லை", "முகவரியைப் புதுப்பிக்கவும்" என்பவை அவற்றின் நடுவேதான் ஒளிந்திருக்கும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அக்டோபரில் மலிவான வாடகைக்கு வீடு மாறிவிட்டு, இதை மறந்துபோகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

கூட்டங்களில் கட்டாயம் போக வேண்டியவை என்று நான் சொல்வது இரண்டே இரண்டு: சிபிடி விளக்கக் கூட்டம், பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும் வரிப் பயிலரங்கு.

சிபிடி என்பது படிப்பின் பகுதியாக வெளி நிறுவனத்தில் பயிற்சி பெற அனுமதி. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்து முடித்த பிறகே கிடைக்கும். நிறுவனம் வேலை தந்துவிட்டது என்பதற்காகப் போய் உட்கார்ந்துவிட முடியாது. அனுமதி ஏறிய புதிய ஐ-20 கைக்கு வந்து, அதில் உள்ள தொடக்கத் தேதியும் வந்த பிறகே முதல் நாள் வேலை. முழுநேர சிபிடியில் 12 மாதம் செலவழித்துவிட்டால் அதே பட்டத்துக்குரிய ஓபிடி (படிப்பு முடிந்ததும் துறை சார்ந்த வேலை பார்க்கும் அனுமதி) கிடையாது என்பது இன்னொரு கண்ணி. ஓபிடிக்கு விண்ணப்பிக்கும் காலம் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பு தொடங்கி, முடிந்த 60 நாளில் மூடிவிடும். இவற்றை அறைத் தோழரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் அவர் தன் துறையின் நடைமுறையைத்தான் சொல்வார், அதுவும் அவர் சேர்ந்த ஆண்டில் இருந்த நடைமுறையை. வாட்ஸ்அப் குழுவில் ஓடும் சட்ட விளக்கங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வரிப் பயிலரங்குக்கு ஏன் போக வேண்டும்? வருமானமே இல்லாவிட்டாலும் எஃப்-1 மாணவர் படிவம் 8843ஐ வரித்துறைக்கு அனுப்ப வேண்டும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. உங்களுக்கு நூலகச் சம்பளம் இருப்பதால் வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆரும் சேரும். கடைசி நாள் பொதுவாக ஏப்ரல் 15. தொலைக்காட்சியில் விளம்பரம் வரும் சாதாரண வரி மென்பொருளில் நண்பர் ஒருவர் உட்கார வைத்து, "பார், கூடுதலாகப் பணம் திரும்பி வருகிறது" என்பார். அது உங்களை அமெரிக்கவாசியாகக் கணக்கிட்டு, உங்களுக்கு உரிமையில்லாத கல்விச் சலுகையையும் சேர்த்துக் காட்டும் பணம். பிறகு திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மாறாக, உண்மையிலேயே உங்களுக்கு உரிமையுள்ள ஒன்று உண்டு: இந்தியா, அமெரிக்கா வரி உடன்படிக்கையின் 21வது பிரிவு, இந்திய மாணவர்களுக்கு நிலைக்கழிவை, அதாவது வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு வரி இல்லாத சலுகையை, தருகிறது. இந்த வகை மாணவர்களுக்கென்றே உள்ள மென்பொருளைப் பல பல்கலைக்கழகங்கள் இலவசமாகக் கொடுக்கின்றன. அதற்கான குறியீடு பயிலரங்கில்தான் பெரும்பாலும் கிடைக்கும். கையோடு உங்கள் சம்பளச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகள் பொதுவாகக் கிடையாது. 7.65 சதவீதம் பிடித்திருந்தால் சம்பளப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள்.

நூலக வேலையைப் பற்றி ஒரு வரி: பருவம் நடக்கும்போது வளாக வேலை வாரம் 20 மணி நேரம்தான், இரண்டு இடத்தில் பார்த்தாலும் கூட்டினால் 20தான்.

வேலைவாய்ப்புக் கண்காட்சிக்குப் போங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். அடுத்த கோடைக்கான பயிற்சி இடங்களை நிறுவனங்கள் இலையுதிர்காலத்திலேயே நிரப்பத் தொடங்கிவிடுகின்றன. முதல் முறை போகிறவர்கள் வாசலில் நின்று நீளமான வரிசை எதுவோ அதில் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் நின்று மேசையை அடைந்தால், "குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்" என்ற பதில் கிடைக்கும். வரும் நிறுவனங்களின் பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். விசா ஆதரவு தருபவை எவை என்று அதில் வடிகட்டிப் பார்க்க முடிந்தால் பார்த்துவிட்டு, ஐந்தாறு மேசைகளை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். அதற்கு முந்தைய வாரம் வேலைவாய்ப்பு மையத்தில் நேரம் வாங்கி உங்கள் சுயவிவரத்தைக் காட்டுங்கள். ஊரில் எழுதிய பயோடேட்டாவில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா, புகைப்படம் எல்லாம் இருக்கும். இங்கே அவற்றில் எதுவும் வேண்டாம். ஒரே பக்கம், செய்த வேலை, செய்த திட்டப்பணி, அவ்வளவுதான். எதிர்காலத்தில் விசா ஆதரவு தேவைப்படுமா என்ற கேள்வி விண்ணப்பத்தில் வரும்போது உண்மையைச் சொல்லுங்கள். அதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கவும் அந்த மையத்தில் ஆள் உண்டு.

மின்னஞ்சல் வராத ஒரு வசதியை உங்கள் கடினமான பாடத்துக்காகவே சொல்ல வேண்டும். பாடத்திட்டத் தாளின் முதல் பக்கத்தில் 'ஆபீஸ் அவர்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், செவ்வாய் 2 முதல் 4 என்பது போல. நம் பிள்ளைகள் பலர் அதைப் பேராசிரியரின் அலுவலக வேலை நேரம் என்று நினைத்து, அந்த இரண்டு மணி நேரம் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கிப் போகிறார்கள். நேர்மாறு. அது மாணவர்கள் கதவைத் தட்டி உள்ளே வருவதற்கென்றே ஒதுக்கிய நேரம். பல நாள் ஒருவரும் வராமல் பேராசிரியர் தனியாக உட்கார்ந்திருப்பார். "எதுவும் புரியவில்லை" என்று போகாமல், ஒரு கணக்கை எடுத்துப் பாதி வரை போட்டு, நின்றுபோன இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். இரண்டு முறை போன பிறகும் பாடத்தை விடத்தான் வேண்டுமென்றால், டிஎஸ்ஓவின் அனுமதியோடு விடலாம்.

எழுத்து மையமும் இலவசம். ஆனால் கட்டுரையைக் கொடுத்துவிட்டுத் திருத்தி வாங்கும் இடம் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். பக்கத்தில் உட்கார்ந்து வாதம் எங்கே தளர்கிறது, மேற்கோள் எங்கே விட்டுப்போயிற்று என்று பேசுவார்கள். மேற்கோள் விஷயத்துக்காகவே ஒருமுறை போய் வாருங்கள். மூலத்தைச் சொல்லாமல் இரண்டு வாக்கியம் எடுத்துப் போட்டதற்காக ஒழுங்கு விசாரணை வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனநல ஆலோசனை என்ற தலைப்பைப் பார்த்ததும் அழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, விசாவைப் பாதிக்குமோ, மதிப்பெண் பட்டியலில் ஏறுமோ என்று மூன்று பயம். மதிப்பெண் பட்டியலில் ஏறாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் தவிர, அங்கே பேசுவதை உங்கள் சம்மதமில்லாமல் பெற்றோரிடமோ சர்வதேச அலுவலகத்திடமோ சொல்ல மாட்டார்கள். உதவி தேடிப் போனதால் உங்கள் மாணவர் நிலையும் மாறாது. தூக்கம் கெட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டால் போங்கள். அதற்கு மேல் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 988 என்ற எண் நாடு முழுவதும் எந்நேரமும் இயங்குகிறது.

வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லும் மாணவர் சட்ட உதவி மையம், அடையாள அட்டையை மட்டும் பார்த்து மளிகைப் பொருள் தரும் வளாக உணவு வங்கி, அவசர நிதி ஆகியவையும் பல வளாகங்களில் உண்டு. எங்கே என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் இருப்பவரானால், நவம்பர் நான்காவது வியாழன் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு விடுதியும் உணவகமும் மூடுமா என்றும் கேட்டுவிடுங்கள். அந்த நாளில் வெளிநாட்டு மாணவர்களை வீட்டுக்கு அழைக்கும் குடும்பங்களின் பட்டியல் சில வளாகங்களில் அக்டோபரிலேயே நிரம்பிவிடும்.

காபி சந்திப்புக்கு வாரா வாரம் போக வேண்டாம். ஆனால் ஒருமுறையும் போகாமல் இருப்பதும் சரியில்லை. 2023-24இல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் மட்டும் 3.3 லட்சத்துக்கு மேல். நம்மவர்களோடே சமைத்து, நம்மவர்களோடே படித்து, வேற்று நாட்டவர் ஒருவரிடமும் பத்து நிமிடம் பேசாமல் இரண்டு ஆண்டை ஓட்டிவிட இப்போது தாராளமாக முடியும். அப்படி ஓட்டியவர்கள் நேர்முகத் தேர்வில் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கூட்டம் சேர்ந்த பிறகு நுழைந்தால் எல்லோரும் வட்டம் வட்டமாக நிற்பார்கள், எதிலும் இடம் இருக்காது. எனவே தொடங்கும் நேரத்துக்கே போய், நாற்காலி போட்டுக்கொண்டிருப்பவரிடம் கை கொடுங்கள். பேச்சு தானாக வரும்.

வாசலில் பெயர்ச் சீட்டு தருவார்கள். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டதால் ஆண்டு முழுக்க அப்பா பெயரில் அழைக்கப்படுகிறவர்கள் உண்டு. ஒரே பெயராக இருந்ததால் விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்து, பேராசிரியர்கள் அதையே பெயரென்று நினைத்துக் கூப்பிட்ட மாணவர்களும் உண்டு. உங்களுக்கும் அந்தச் சிக்கல் இருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் 'விரும்பும் பெயர்' என்று ஒரு பதிவு செய்துகொள்ளலாம். ஐ-20இல் உள்ள பெயர் அப்படியே இருக்கும். வகுப்புப் பட்டியலில் மட்டும் மாறும். இணையதளத்தில் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இன்று டிஎஸ்ஓவுக்கு எழுதிய பிறகு.