குடிக்காத அப்பாவுக்கு ஈரலில் கொழுப்பு வந்தது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உங்கள் அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி, அதாவது ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. ஆள் ஒல்லி, மதுவைத் தொட்டதில்லை. ஆனாலும் ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு, ரத்தத்திலோ கொலஸ்ட்ரால் குறைவு. எப்படி என்று கேட்கிறீர்கள்.

முதலில், ஒளித்துக் குடித்திருப்பாரோ என்று அவரைத் துருவாதீர்கள். இந்த வைரஸே அப்படிச் செய்யக்கூடியது, அதிலும் 3-ஆம் மரபு வகை. மலேசியாவில் அதிகம் காணப்படுவதும் அதுதான்.

ஈரல் கொழுப்பை விஎல்டிஎல் என்ற துகள்களில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்பும். செம்பனை மில்லில் எண்ணெய் லாரி கிளம்பாவிட்டால் தொட்டி நிரம்பி வழியும் அல்லவா, அதே கதைதான். துகளைக் கட்டும் எம்டிபி புரதத்தை வைரஸ் முடக்குகிறது. கொழுப்பு உள்ளேயே தேங்குகிறது. வைரஸின் உட்கூட்டைக் கட்டும் கோர் புரதம் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். புது வைரஸ்கள் உருவாவதே அந்த இடத்தில்தான். வெளியேறும்போதும் கொழுப்புப் புரதத்தைப் போர்த்திக்கொண்டுதான் போகும். பலே கில்லாடி!

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவதற்கும் கொழுப்பு இப்படி ஈரலிலேயே தேங்குவதுதான் காரணம். அதை நல்ல செய்தி என்று எண்ண வேண்டாம். இந்த வைரஸின் மற்ற மரபு வகைகளில் உடல் எடையும் இனிப்புநீரும்தான் பெரும்பாலும் கொழுப்புக்குக் காரணம். ஹெபடைடிஸ் பி வேறு கதை, அதில் இந்தத் தொடர்பு வலுவாக இல்லை.

2018 முதல் அரசு மருத்துவமனைகளில் ஹெபடைடிஸ் சி-க்கு இலவச மாத்திரைச் சிகிச்சை உண்டு, பெரும்பாலோருக்கு 12 வாரம். கிருமி போனதும் 3-ஆம் வகையில் ஈரல் கொழுப்பு பொதுவாகக் குறையும். கொலஸ்ட்ரால் மட்டும் ஏறக்கூடும். சிகிச்சை முடிந்தபின் அதை ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.